தேங்காயெண்ணெய் பட்ட துவக்கு

சண்டைக்குப் பயந்து ஓடிவந்த சனத்தில் ஒருவர், வந்த நாட்டில் பரீட்சை எழுதி, லைசென்ஸ் எடுத்து, ஒரு துவக்கை வாங்கி வீட்டு அலுமாரிக்குள் பூட்டி வைத்திருக்கிறார் என்றால் சனம் சும்மா இருக்குமா? டோர்செட் பார்க்கில் அந்த அப்பாட்மென்ற் கட்டடத்தில் இருந்த தமிழ்ச் சனம் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லித் தீர்த்தது. அருள்நாயகத்துக்கு மறை கழன்றுவிட்டது என்றது. லிஃப்றில் அவரைக் கண்டால் பிள்ளைகளைக் கிட்ட இழுத்துக்கொண்டது. பிறகு, அவர் காட்டிலிருந்து கொண்டுவந்து பகிர்ந்து கொடுத்த முயலிறைச்சியில் பிரட்டல் வைத்துத் தின்று பார்த்துவிட்டு, அடுத்தமுறை எப்போது போகிறீர்கள் என்று விசாரித்தது. எங்கள் சனத்தின் கொள்கையெல்லாம் தாச்சி சூடேறும்வரைதான்.

அது பெரிய துவக்கும் இல்லை. முயலுக்கும் காட்டுக்கோழிக்கும் உதவுகிற, இருபத்திரண்டு என்று சொல்லுகிற சின்ன ரகம். ரவை சுண்டுவிரல் நுனியளவுதான் இருக்கும். வலப்பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் சின்னக் கொக்கியை விரலால் கொளுவி, உள்ளே ஓடுகிற போல்ற் என்ற இரும்பை ஒருமுறை பின்னால் இழுத்துவிட்டால் முதல் ரவை உள்ளே போய்விடும். அதன்பிறகு விசையை அமத்த அமத்த, வெடித்த கோதைத் தானே வெளியே தள்ளி அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும். மனிதன் செய்யவேண்டியது அந்த முதல் இழுவை மட்டும்தான். அந்த இழுவைதான் வரமாட்டேன் என்றது.

நவம்பர் நடுவில், லின்ட்சேக்கு அப்பால் ஒரு வெள்ளைக்காரக் கிழவனின் பற்றைக் காணிக்குள் அது நடந்தது. கூடப் போனவன் சீமோன். அருள்நாயகம் வேலை செய்யும் கார் உதிரிப்பாகப் பக்டறியில் இயந்திரம் திருத்துகிறவன், குருநகர்க்காரன், அவரைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். துவக்குப் பழக்கத்தை அவருக்குத் தொற்ற வைத்தவனும் அவன்தான். அன்று காலை காது விறைக்கிற குளிர். காய்ந்த புல்லுக்குள்ளிருந்து ஒரு முயல், பாதி மண்ணிறமும் பாதி வெள்ளையுமாய்க் கிளம்பி, நின்று, அருள்நாயகத்தைப் பார்த்தது. அவர் போல்றை இழுத்தார். வரவில்லை. கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றிவிட்டு இழுத்தார். வரவில்லை. முயல் ஒரு அவசரமும் இல்லாமல் போனது.

"குளிருக்கு இறுகிப்போச்சுப் போலை அண்ணை," என்றான் சீமோன்.

அந்தச் சொல்லை அருள்நாயகம் இறுகப் பற்றிக்கொண்டார். திரும்பி வரும் வழியில், நானூற்றொன்று நெடுஞ்சாலையில் வாகனங்கள் நெருக்குப்பட்டு நின்ற நேரம் முழுக்க, துவக்கு இறுகின கதைதான். வீட்டுக்கு வந்த பிறகும் அதுதான். யார் போன் எடுத்தாலும் சுகம் விசாரிக்க முன்னம், "என்ரை துவக்கின்ரை போல்ற் இறுகிப்போச்சு," என்று தொடங்கினார். துவக்கைப் பற்றி வாய் திறக்காத மனிதர் இப்படிக் கதைப்பது மனைவி தவமணிக்குப் பயமாக இருந்தது.

ஏனென்றால் ஆடி மாதத்திலிருந்தே அவருடைய வலக்கை சொல்வழி கேட்பதில்லை. சட்டைப் பொத்தான் பூட்ட நேரம் எடுத்தது. கோப்பிக் கோப்பை இரண்டுதரம் விழுந்து உடைந்தது. சனிக்கிழமைகளில் இடியப்பம் பிழிவது அந்த வீட்டில் அவருடைய வேலை. உரலைப் பிடித்து ஒரே அமத்தில் தட்டு நிறையச் சுற்றிவிட்டு, மனைவியைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிப்பார். ஆடிக்குப் பிறகு மா சரியில்லை என்றார். தவமணி வேறு மா வாங்கினாள். உரல் சரியில்லை என்றார். புது உரல் வாங்கினாள். அதற்குப் பிறகு இடியப்பம் கடையிலிருந்து வந்தது, இருவரும் அதைப்பற்றிக் கதைக்கவில்லை.

பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவிலிருந்த சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அந்தக் குழியைத் தவமணி முன்பும் கண்டிருக்கிறாள். அருள்நாயகத்தின் மூத்த தமையன் பாரிசில் இருந்தவர். அவருக்கும் கையில்தான் தொடங்கியது. கைக்குப் பிறகு கால், காலுக்குப் பிறகு பேச்சு, கடைசியில் விழுங்கவும் முடியாமல் போனது. அது நரம்பு வருத்தம், மருந்து இல்லை, சில குடும்பங்களில் தொடர்ந்து வரும் என்று டொக்டர்மார் மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். கடைசிக் கிழமைகளில் இவர்கள் இருவரும் போய் நின்றார்கள். அருள்நாயகம்தான் தமையனுக்குக் கஞ்சி பருக்கினார். பாதி வெளியே வரும். கண் மட்டும் எல்லாம் விளங்கிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும். திரும்பி வந்த விமானத்திலிருந்து இறங்கும்போது, "எனக்கு உப்பிடி வந்தால் என்னை வைச்சுப் பாராதை," என்றார். தவமணிக்கு அது இன்றைக்கும் காதுக்குள் நிற்கிறது.

மகள் மயூரி பக்கத்தில் மார்க்கம் நகரத்தில் இருக்கிறாள். கெட்டிக்காரி, தகப்பனைப் போலவே பிடிவாதக்காரி. அவள்தான் அங்கே இங்கே கெஞ்சி நரம்பு டொக்டர் ஒருவரிடம் செவ்வாய்க்கிழமைக்கு நேரம் எடுத்து வைத்தாள். அதை அவள் போனில் சொன்னபோது அருள்நாயகம் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு, எதிரே இருந்த மனைவிக்கும் கேட்கட்டும் என்பதுபோல் சத்தமாகக் கதைத்தார்.

"துவக்கு இறுகினதுக்கு நரம்பு டொக்டரோ?"

"அப்பா, ப்ளீஸ். ஜஸ்ற் ஒரு ரெஸ்ற். அவை ஊசி மாதிரி ஒண்டு வைச்சுப் பாப்பினம், தட்ஸ் இற்."

"பெரியப்பாவுக்கும் ஊசி வைச்சுத்தான் பாத்தவை. பாத்து என்ன செய்தவை?"

மகள் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அருள்நாயகத்துக்கு மனம் கேட்கவில்லை.

"சரி, அழாதை. இஞ்சை கேள். சனிக்கிழமை சீமோன் வாறான். அவன் துவக்கைக் கழட்டிப் பாக்கட்டும். பிழை துவக்கிலை இல்லையெண்டால் நான் செவ்வாய்க்கிழமை வாறன். உன்ரை காரிலை ஏறி வாய் திறக்காமல் வாறன். ஆனால் பிழை துவக்கிலைதான் எண்டால், நீயும் கொம்மாவும் உந்தக் கதையை இனி எடுக்கக்கூடாது. சத்தியம் பண்ணு."

"அப்பா, திஸ் இஸ் கிரேசி."

"சத்தியம் பண்ணு."

பண்ணினாள். ஒரு மனிதனின் கதியைத் தீர்மானிக்கிற வேலை அப்படி ஒரு இரும்புத் துண்டின் தலையில் வந்து விழுந்தது. படித்த பிள்ளை இதற்கு ஒத்துக்கொண்டாளே என்று யாரும் கேட்கலாம். அவளுக்கும் பிழை இரும்பில் இருக்கவேண்டும் என்றுதான் ஆசை.

சனிக்கிழமை சீமோன் கருவிப் பெட்டியோடு வந்தான். வெளியே சேறும் பனியும் கலந்த நாள். பல்கனிக் கண்ணாடியில் ஈரம் படிந்து, எதிர்க் கட்டடம் சாம்பல் நிறமாய் மங்கித் தெரிந்தது. தவமணி சாப்பாட்டு மேசையில் தமிழ்க் கடையில் சும்மா கிடைக்கிற பேப்பர்களை விரித்து வைத்திருந்தாள். காணி விற்பவர்கள், கல்யாண மண்டபங்கள், மரண அறிவித்தல்கள். மரண அறிவித்தல் பக்கத்தை மட்டும் அவள் எடுத்து மடித்து ஒளித்துவிட்டாள்.

அருள்நாயகம் அலுமாரியைத் திறந்து துவக்கைக் கொண்டுவந்தார். பூட்டை இடக்கையால் திறந்தார். வலக்கை ஸ்வெற்றர்ப் பைக்குள் இருந்தது.

"உள்ளுக்கை ஒண்டுமில்லைத்தானே அண்ணை?"

"இல்லையடா. அண்டைக்கு ஏத்தவே இல்லையே. மகசினும் கழட்டிப்போட்டன்."

"ஆனால் போல்ற் திறபடேல்லை. திறபடாட்டில் உள்ளுக்கை பாக்கேலாது. பாக்காமல் நம்புற சாமான் இல்லை உது. அக்கா, உந்த அரிசி மூட்டை புதுசோ?"

சுவரோரமாய் உடைக்காத குத்தரிசி மூட்டை ஒன்று இருந்தது. சீமோன் அதை இழுத்து மேசைக்கு நேரே, வெளிச்சுவரோடு சாய்த்து வைத்தான். துவக்கின் வாயை அதற்கு நேரே பிடித்துக்கொண்டான்.

"ஏன்ரா, என்ரை அரிசியையோ சுடப்போறாய்?" என்றாள் தவமணி.

"வெடிச்சால் சோத்துக்கை ஈயம் வரும், அவ்வளவுதான். நீங்கள் குசினிக்குள்ளை நில்லுங்கோ அக்கா."

கொக்கியைப் பிடித்து இழுத்தான். வரவில்லை. உள்ளங்கையை வைத்து, பல்லைக் கடித்து, இன்னொரு முறை இழுத்தான். கரகரவென்று அரைபட்டுக்கொண்டு போல்ற் பாதி தூரம் வந்து நின்றது. உள்ளே எட்டிப் பார்த்தான், சுண்டுவிரலை விட்டும் தடவிப் பார்த்தான். ரவை இல்லை.

"ஓம் அண்ணை. மெய்யாத்தான் இறுகிக் கிடக்கு."

அருள்நாயகம் கதிரையில் சாய்ந்து மனைவியை ஒரு பார்வை பார்த்தார். குசினிக்குள் நின்ற தவமணி கையிலிருந்த வெங்காயத்தை வைத்துவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். சீமோனுக்கே இழுக்க முடியவில்லை. கிழமைக்கு மூன்று தரம் பாரம் தூக்குகிற சீமோனுக்கே முடியவில்லை என்றால் அது கையின் பிழை இல்லை. அவளுக்கு உடனே மயூரிக்குப் போன் எடுக்கவேண்டும் போல் இருந்தது.

"உது பல காரணத்தாலை வரும்," என்றான் சீமோன், மரக்கட்டையைப் பிடிக்கிற ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே. "சிலர் உந்த ஸ்க்ரூவை இறுக்கிவிடுவினம், துவக்கின்ரை உடம்பு முறுகும். இல்லையெண்டால் உள்ளுக்கை போற கம்பி வளைஞ்சிருக்கும். இல்லையெண்டால் ஊத்தை. இந்தச் சின்ன ரவையிலை மெழுகும் ஈயமும் அப்பியிருக்கும், சுடச்சுட அது போல்றிலை போய்ப் படியும். கடைசியா எப்ப துடைச்சனீங்கள்?"

"போன பங்குனியிலை. வடிவாத் துடைச்சுத்தான் வைச்சனான்."

"யூரியூப்பைப் பாத்து ஒண்டும் நோண்டேல்லையே?"

"பாத்தனான்தான். நோண்டேல்லை."

நோண்ட முயன்றதையும், ஊசிபோன்ற அச்சாணியைத் தள்ள விரல் உதவாமல் விட்டதையும் அவர் சொல்லவில்லை. சீமோன் மரக்கட்டையைக் கழற்றினான். இரண்டு அச்சாணிகளைத் தட்டி எடுத்தான். விசைப்பகுதி தனியே வந்தது. பிறகு போல்றை முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி, கொக்கியோடும் ஸ்பிரிங்கோடும் வெளியே எடுத்தான். ஜன்னல் பக்கம் கொண்டுபோய் உருட்டிப் பார்த்தான்.

"கரியில்லையே உது. மஞ்சளாக் கிடக்கு."

காதுக் குச்சியால் தோண்டினான். களிம்புபோல், அங்கங்கே வெள்ளையாய் உறைந்து, மண்ணைப்போல் நறநறவென்று எதுவோ வந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனான். அவன் முகம் ஒரு மாதிரியாய்ப் போனது.

"அண்ணை, உங்கடை துவக்கு கோயில் மாதிரி மணக்குது."

தவமணி ஓடிவந்தாள். குச்சியை வாங்கி மணந்தாள். பிறகு தலையில் கை வைத்தாள்.

"ஐயோ! சந்தனம்! அது நான்!"

விஷயம் இதுதான். இந்தத் துவக்கு வீட்டுக்குள் வந்த வருஷம் தவமணி ஒரு கிழமை நித்திரை கொள்ளவில்லை. பிறகு அவளே ஒரு சமாதானம் கண்டுபிடித்தாள். ஆயுத பூசைக்குத் தையல் மெசினை வைக்கிறோம், அரிவாளை வைக்கிறோம், கார்த் திறப்பையும் மயூரியின் கொம்பியூட்டரையும்கூட வைக்கிறோம், வீட்டிலிருக்கிற ஒரே ஒரு உண்மையான ஆயுதத்தை மட்டும் ஒளித்து வைத்தால் அம்மாள் என்ன நினைப்பா? அன்றிலிருந்து ஒவ்வொரு வருஷமும், ரவை இல்லை என்று கணவன் திறந்து காட்டிய பிறகு, அது கும்பத்துக்கு முன்னால் வாழையிலையில் படுத்துக்கொண்டது. மூன்று பொட்டுச் சந்தனம், நடுவில் குங்குமம். வழமையாகப் பொட்டை அவர் துடைத்து எண்ணெய் போடுவார்.

"இந்த முறை இவர் திறந்தும் காட்டேல்லை, துடைக்கவும் இல்லை," என்றாள் தவமணி. "சந்தனம் காய்ஞ்சு கிடந்தது. ஈரத் துணியாலை துடைச்சால் கறள் பிடிக்கும் எண்டு முந்தி ஏசினவர். அதாலை தேங்காயெண்ணெய் தொட்டுத் துடைச்சனான். கறள் வரக்கூடாது எண்டு உந்த ஓட்டையளுக்குள்ளையும் கொஞ்சம் விட்டனான்."

"கொஞ்சமோ?"

"ஒரு மூடி."

சீமோன் கதிரையில் விழுந்து சிரிக்கத் தொடங்கினான். "அக்கா, இஞ்சத்தைக் குளிருக்குத் தேங்காயெண்ணெய்ப் போத்தலே கல்லாப் போகும். சுடுதண்ணிக்குள்ளை வைச்சுத்தானே நீங்கள் தலைக்கு வைக்கிறனீங்கள்? அதைக் கொண்டுபோய் லின்ட்சேக் குளிருக்குள்ளை... அதோடை சந்தனமும் குங்குமமும் சேந்தால் அது சீமெந்து! நாங்கள் வேதக்காரர், எங்கடை வீட்டிலை உந்தத் தொல்லை இல்லை."

வேறொரு நாளாக இருந்தால் அருள்நாயகம் கத்தியிருப்பார். தவமணியும் அழுதிருப்பாள். அன்று அவர் மேசையில் இடக்கையால் தட்டித் தட்டிச் சிரித்தார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ரை பிழைதான், நான்தான் ஊத்தினனான், என்ரை பிழைதான்," என்று ஏதோ பரிசு கிடைத்தவள்போல் சொல்லிக்கொண்டே இருந்தாள். ஒரு மூடி தேங்காயெண்ணெய். பாரிஸ் ஆஸ்பத்திரியும் இல்லை, கஞ்சிக் கரண்டியும் இல்லை. இத்தனை நாள் நெஞ்சில் கிடந்த பாரத்துக்குக் காரணம் அவளுடைய சொந்த மடைத்தனம் என்று தெரிந்ததில் அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

அவர் உடனே மகளுக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"மயூரி, பிழை பிடிச்சாச்சு. கொம்மா துவக்குக்கு எண்ணெய் வைச்சுத் தலை இழுத்து விட்டிருக்கிறா. சீமோனாலையும் இழுக்கேலாமல் போச்சு, கேட்டுப் பார்."

"ரியலி? அங்கிள், மெய்யாவோ?" அவளுடைய குரல் உடைந்தது. "ஓகே. ஓகே அப்பா. ஐ அம் சோ ஹப்பி." பிறகு மெல்ல, "ஆனால் செவ்வாய்க்கிழமை சும்மா..."

"சத்தியம் பண்ணினனீ."

"ஓம்."

சீமோன் போல்றை மண்ணெண்ணெய் மாதிரி மணக்கும் திரவத்தில் ஊறப்போட்டான். அது ஊறுகிற நேரத்துக்குள் சாப்பாடு வந்தது. கடை இடியப்பம், பாரைமீன் குழம்பு, சொதி, மாசிச் சம்பல். ஐப்பசியிலிருந்து அருள்நாயகம் கரண்டியால்தான் சாப்பிடுவார். கேட்டால் ஒபீஸ் பழக்கம் என்பார். எந்த ஒபீஸ் என்று யாரும் கேட்பதில்லை. அன்று கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு வலக்கையைப் பையிலிருந்து வெளியே எடுத்தார். இடியப்பத்தைச் சொதியில் குழைத்து வாய்க்குக் கொண்டுபோனபோது பாதி விரலிடுக்கால் வழிந்து சட்டையில் விழுந்தது. அவர் கவனிக்கவில்லை. தவமணி குழம்புச் சட்டியைக் கிளறிக்கொண்டு நின்றாள். அவளும் கவனிக்காமல் இருந்துகொண்டாள்.

"மார்கழியிலை திரும்பப் போவமடா. அந்த முயல் அங்கைதான் நிக்கும்."

"அதுக்கென்ன அண்ணை. அக்கா இந்தமுறை முயலுக்கும் சந்தனம் வைப்பா."

சாப்பிட்ட பிறகு தவமணி கோப்பைகளைக் கழுவப் போனாள். சீமோன் போல்றைத் துடைத்து, அது ஓடுகிற தடத்தைத் துணியால் சுற்றிச் சுற்றி எடுத்து, துவக்கு எண்ணெய் இரண்டு சொட்டு மட்டும் விட்டான். ஸ்பிரிங்கை அமத்திப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பூட்டினான். அரிசி மூட்டைப் பக்கம் திருப்பி, கொக்கியைச் சுண்டுவிரலால் இழுத்துப் பார்த்தான். தண்ணீரில் வழுக்குவதுபோல் வந்தது. விட்டான், டக்கென்று மூடியது.

"இந்தாங்கோ அண்ணை. புதுசு மாதிரி."

அருள்நாயகம் துவக்கை மடியில் வைத்து, வலக்கைச் சுட்டுவிரலைக் கொக்கியில் கொளுவினார். முகத்தில் சிரிப்பு இருந்தது. இழுத்தார். போல்ற் ஒரு நகக்கண் அளவு அசைந்து திரும்பிப் போனது. விரல் வழுக்கிவிட்டது என்பதுபோல் சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி கொளுவினார். இந்தமுறை இரண்டு விரல். தோள் எழும்பியது, கழுத்து நரம்பு புடைத்தது. கை மட்டும் நடுங்கியது. பெருவிரலடியிலிருந்த குழிக்குள், தோலுக்குக் கீழே, புழு நெளிவதுபோல் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.

சீமோன் அதைக் கண்டான். ஒரே பக்டறியில் இத்தனை வருஷம் பக்கத்தில் நின்றும் அந்தக் கையை அன்றைக்குத்தான் வடிவாகப் பார்த்தான்.

"இன்னும் பிடிக்குதடா," என்றார் அருள்நாயகம். குரலில் சிரிப்பின் மிச்சம் இருந்தது. "நீ வடிவாத் துடைக்கேல்லை."

சீமோன் துவக்கை வாங்கினான். கொக்கியைப் பிடித்து, இழுக்காமல் இழுத்தான். பல்லைக் கடித்துக் காட்டினான். அவன் நல்ல மெக்கானிக், நல்ல வேட்டைக்காரன், பொய் சொல்ல மட்டும் பழகாதவன். காது இரண்டும் சிவந்துபோயின.

"ஓம் அண்ணை. பிடிக்குதுதான். ஸ்பிரிங்காய் இருக்கும். ஸ்பிரிங் முரடு. வேறை ஒண்டு எடுத்துப் போடுவம். நான் கொண்டு போறன், வீட்டிலை வைச்சு..."

"பாத்தியே, நான் சொன்னன்தானே, ஸ்பிரிங்!"

சத்தம் கேட்டுத் தவமணி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். "என்ன, இன்னும் வரேல்லையோ?"

"ஸ்பிரிங் முரடாம். சீமோனுக்கும் வரேல்லை."

அவள் சீமோனைப் பார்த்தாள். அவன் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் மத்தியானத்துச் சந்தோஷம் இன்னும் ஆறவில்லை. அதைக் கைவிட அவளுக்கு மனமில்லை. ஹொட்டேல் கட்டில்களுக்கு விரிப்பு மாற்றி மாற்றி அவளுடைய விரல் மூட்டுகள் வீங்கிக் கோணிப்போனவை. ஊறுகாய்ப் போத்தலைத் திறக்கப் பக்கத்து வீட்டுக்குக் கொண்டு ஓடுகிறவள். அப்படிப்பட்ட தன் கைக்கும் அது வராவிட்டால் பிழை இரும்பில்தான், அதற்கு மேல் யாரும் ஒன்றும் கேட்க முடியாது என்று அவளுக்குப் பட்டது.

"தா சீமோன். நான் ஒருக்கா இழுத்துப் பாக்கிறன்."

"வேண்டாம் அக்கா!" என்றான் அவன், தேவைக்கு மேல் சத்தமாக. "கையைக் கிழிச்சுப்போடும். விடுங்கோ."

"குடடா," என்றார் அருள்நாயகம். "அவளும் பாக்கட்டும். அவளாலையும் ஏலாது எண்டால் மயூரிக்கு அவளே சொல்லட்டும். பிறகு ஒருதரும் என்னோடை கதைக்கேலாது."

சீமோன் கொடுக்கவில்லை. அருள்நாயகமே எழும்பி, இடக்கையால் துவக்கை அவனிடமிருந்து வாங்கி, வாயை அரிசி மூட்டைக்கு நேரே பிடித்துக்கொண்டு மனைவிக்கு முன்னால் நீட்டினார். "இஞ்சை, இந்தக் கொக்கி. விரலைக் கொளுவிப் பின்னாலை இழு. பலமா இழு."

தவமணி பலமாக இழுக்கத்தான் காலை அகட்டி ஊன்றினாள். கோணல் விரலைக் கொளுவினாள். பலம் எடுக்க முன்னமே போல்ற் கடைசிவரை வந்துவிட்டது. அவள் பயந்து விரலை விட்டாள். டக்கென்று மூடியது.

குசினியில் திருகாமல் விட்ட குழாய் ஓடிக்கொண்டிருந்தது. சீமோன் கையிலிருந்த துணியைச் சுருட்டி அவிழ்த்து, மறுபடி சுருட்டினான்.

"இன்னொருக்கா இழு," என்றார் அருள்நாயகம்.

"இஞ்சாருங்கோ..."

"இழு எண்டு சொல்லுறன்."

இழுத்தாள். வந்தது.

"அண்ணை, போதும்," என்றான் சீமோன். "நான் பொய் சொல்லிப்போட்டன் அண்ணை. என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் அவன் பக்கம் திரும்பவில்லை. வலக்கை மறுபடி பைக்குள் போயிருந்தது. துவக்கைத் தாங்கிய இடக்கை நடுங்கத் தொடங்கியிருந்தது. "சில வேளை ஒருக்கா வரும், ஒருக்கா வராது. அப்பிடித்தான் உது. அண்டைக்கும் அப்பிடித்தான். இன்னொருக்கா, தவம். மெல்ல."

தவமணிக்குக் கண்ணீரில் கொக்கி தெரியவில்லை, தடவித்தான் பிடித்தாள். ஒரு தரமாவது இறுகித் தொலையேன், இந்த ஒரு தரமாவது என்னை ஏலாதவளாக்கிவிடேன் என்று அந்த இரும்பிடம் மன்றாடிக்கொண்டு, முழங்கை வலிக்க வலிக்க, எவ்வளவு மெல்ல இழுக்கலாமோ அவ்வளவு மெல்ல இழுத்தாள். அது சுகமாக வந்தது.